சிக்கன நடவடிக்கை: சொல் விளக்கம்

அரசு தன் செலவைக் குறைத்தால் நாளேடுகள் ‘சிக்கன நடவடிக்கை’ என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தில் இது ஆஸ்டெரிட்டி. மூலம் கிரேக்கம். ஆஸ்டேரோஸ் என்றால் நாக்கை வறளவைக்கும் சுவை, நம் துவர்ப்பு. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிட ஊறவைத்த ஆவாரம்பட்டையின் சுவை அது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது கடுமை, எளிய வாழ்வு என்று பொருள் விரிந்தது. அரசின் செலவுக் குறைப்பைக் குறிக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான்.

நம் ‘சிக்கனம்’ வேறு. சிக்கெனப் பிடி என்றால் இறுக்கிப் பிடி. வீண்செலவில் கையை இறுக்குவது சிக்கனம். ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துவதை அப்படிச் சொல்லலாம். பிள்ளைக்கு மருந்து வாங்காமல் விடுவதைச் சொல்ல முடியுமா? ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடத்தை நிரப்பாவிட்டாலும், ஏரி மதகைப் பழுதுபார்க்காவிட்டாலும் செய்தியில் இதே நல்ல சொல் வந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

உரத்தை எடுத்துக்கொள்வோம். 1991இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தின்போது உர மானியத்தைக் குறைக்க முனைந்த மத்திய அரசு, 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்ந்தது. மணிச்சத்துக்கான டிஏபி, சாம்பல்சத்துக்கான பொட்டாஷ் விலை எகிறியது. ஆற்காட்டிலோ காவேரிப்பாக்கத்திலோ நெல் போடுகிறவர் கைக்காசுக்கு எது கிடைக்குமோ அதைத்தானே போடுவார்? நாடு முழுவதும் 1991-92இல் 5.9:2.4:1 என்றிருந்த தழை, மணி, சாம்பல் சத்து விகிதம் அடுத்த ஆண்டே 9.5:3.2:1 ஆனது. பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து நைட்ரேட்டாகி மண்ணுக்குள் இறங்கும், கிணற்று நீரில் சேரும். மானியக் கணக்கில் மிச்சம் பிடித்ததற்கு மண் விலை கொடுத்தது.

அப்புறம் பாலாறு. தோல் தொழிற்சாலைக் கழிவு அந்த ஆற்றில் கலந்தது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பு நடப்புக்கு வர, ஆற்று நீரைச் சோதிக்க ஆளும் ஆய்வகமும் வேண்டும். அவற்றுக்கான பணத்தைக் குறைத்துவிட்டு அதையும் சிக்கனம் என்பதா?

சரியான தமிழ் ‘பொதுச் செலவு வெட்டு’. விழா மேடைக்கும் அலுவலகக் காருக்கும் ஆகும் செலவைக் குறைத்தால் ‘சிக்கனம்’ சரி. மக்களுக்கான சேவையில் கைவைத்தால் ‘மருத்துவச் செலவு வெட்டு’, ‘ஏரிப் பராமரிப்புச் செலவு வெட்டு’ என்று துறையின் பெயரோடும், எத்தனை கோடி என்ற கணக்கோடும் எழுத வேண்டும்.