ஜப்பானின் நிலநடுக்க உடனடி எச்சரிக்கை: யாருக்கு வரும், எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஜப்பானில் செல்போன் திடீரென அலறி நிலநடுக்கம் என்று அறிவித்தால், பூமிக்கடியில் பாறை ஏற்கெனவே உடைந்துவிட்டது, அதன் அதிர்வு உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நாளை நிலம் நடுங்கும் என்று நாள் குறித்துச் சொல்லும் வழி இன்றுவரை எந்த நாட்டிலும் இல்லை. நடந்துவிட்டதை அதிர்வு வந்து சேருமுன் சொல்வதுதான் இந்தத் திட்டம். 2007 அக்டோபர் 1 முதல் ஜப்பான் வானிலை முகமை இதைப் பொதுமக்கள் எல்லோருக்கும் வழங்குகிறது. பதிவு செய்ய வேண்டாம், கட்டணமும் கிடையாது. தொலைக்காட்சி, வானொலி, செல்போன் மூன்றிலும் வரும். வெளிநாட்டில் வாங்கிய சில போன்களில் வராமல் போகலாம் என்பதால், அங்கே போகிறவர்கள் 'சேஃப்டி டிப்ஸ்' செயலியையும் வைத்துக்கொள்வது நல்லது.

பாறை உடையும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதன்மை அலை விநாடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். பெரிய சேதம் செய்யாது. சுமார் 4 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் இரண்டாம் அலைதான் வீட்டை உலுக்கும். நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இரண்டுக்கும் நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி கிடைக்கும். நாடெங்கும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளில் மையத்துக்குப் பக்கத்தில் இருப்பவை முதல் அலையைப் பிடித்ததும், கணினி இடத்தையும் அளவையும் கணித்து எச்சரிக்கை அனுப்புகிறது. மையத்துக்கு நேர் மேலே இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது. எச்சரிக்கைக்கு முன்பே அதிர்வு வந்துவிடும்.

யாருக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்வது, செய்திகளில் நாம் கேட்கும் ரிக்டர் எண் இல்லை. அது நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றலைச் சொல்வது. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். எண் ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். உங்கள் தெருவில் எவ்வளவு குலுங்கியது என்பதற்கு ஜப்பானில் 'ஷிந்தோ' என்று தனி அளவு உண்டு. 0 முதல் 7 வரை போகும். 5, 6 இரண்டும் கீழ், மேல் என்று பிரிவதால் மொத்தம் பத்துப் படிகள். முன்பு வானிலை அலுவலர்கள் உடலால் உணர்ந்து இதைப் பதிவு செய்தார்கள். 1996 முதல் முழுக்கக் கருவிகளே அளக்கின்றன.

எங்காவது ஷிந்தோ '5 கீழ்' அல்லது அதற்கு மேல் வரும் என்று கணித்தால் எச்சரிக்கை வெளியாகும்; 4 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கும் பகுதிகளுக்கெல்லாம் போகும். 2023 பிப்ரவரியில் இன்னொரு விதியும் சேர்ந்தது. 2011 மார்ச் 11இல் 9.0 அளவு நிலநடுக்கம் வந்தபோது, எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒசாகாவில் ஷிந்தோ 3தான். ஆனால் அங்கே 55 மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சி மீட்டர் கணக்கில் ஊசலாடியது. நெடுந்தொலைவு ஓடும் மெதுவான அலைகளின் வேலை அது. உயர்ந்த கட்டடங்களை அப்படி ஆட்டக்கூடிய அதிர்வு கணிக்கப்பட்டாலும் இப்போது எச்சரிக்கை வரும்.

அதே 2011இல், முதல் கருவி அதிர்வை உணர்ந்து 8.6 விநாடியில் எச்சரிக்கை கிளம்பியது. செந்தாய் நகரத்தாருக்குச் சுமார் 15 விநாடி கிடைத்தது. ஆனால் உடைப்பு இன்னும் நீண்டுகொண்டிருந்ததால் அளவைக் குறைவாகவே கணித்தது கணினி. '5 மேல்' வரை குலுங்கிய டோக்கியோவுக்கு எச்சரிக்கை போகவில்லை. பெரிய நிலநடுக்கத்தில்தான் இந்த முறை தடுமாறும் என்பது கவலை தரும் உண்மை. சுற்றுவட்டக் கருவிகளில் பதிவாகும் அதிர்வை நேரடியாக வைத்துக் கணிக்கும் முறையை 2018இல் சேர்த்ததற்கு இதுவே காரணம்.

ஒலி கேட்டதும் வெளியே ஓடாதீர்கள். தலையைக் காத்துக்கொண்டு உறுதியான மேசைக்கு அடியில் போங்கள். அடுப்பை அணைக்கத் தொலைவிலிருந்து ஓடி வர வேண்டாம். பலத்த அதிர்வில் எரிவாயு மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். லிஃப்டில் இருந்தால் அடுத்த தளத்திலேயே இறங்குங்கள். கார் ஓட்டும்போது சட்டென்று பிரேக் போடாமல், விளக்கைச் சிமிட்டவிட்டு மெல்ல வேகத்தைக் குறையுங்கள். கடலோரத்தில் இருந்தால், அதிர்வு அடங்கியதும் சுனாமி அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.