ஒன்றோடு நின்றுபோன வாக்கு

2024 செப்டம்பர் 22ஆம் திகதி, இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் எந்த வேட்பாளரும் பாதிக்கு மேல் எடுக்கவில்லை, விருப்பு வாக்குகளை எண்ணப் போகிறோம் என்று தேர்தல்கள் ஆணைக்குழு அறிவித்த பிறகு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "சேர், திரும்பப் போய் வோட் போடவேணுமா?" கேட்டவர்களில் வங்கியில் வேலை செய்பவரும் இருந்தார், உயர்தர மாணவர்களுக்குப் படிப்பிக்கிற ஆசிரியரும் இருந்தார். முதல் நாள் கையில் வாக்குச்சீட்டை வைத்திருந்தவர்கள்தான் எல்லோரும். அந்தச் சீட்டால் என்னென்ன செய்யலாம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அரச சேவையில் இருந்த காலம் முழுக்கத் தேர்தல் கடமை செய்தவன் நான். திருகோணமலை மாவட்டத்தின் மூன்று தேர்தல் தொகுதிகளிலும், அதாவது திருகோணமலை, மூதூர், சேருவில மூன்றிலும், சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராக இருந்திருக்கிறேன், பிறகு வாக்கெண்ணும் நிலையத்திலும் இரவிரவாக இருந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு கிராமங்களில் வாக்காளர்களுக்கு விளக்கக் கூட்டங்கள் நடத்துகிறேன். யாருக்குப் போடுங்கள் என்று நான் எங்கும் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. போடுகிற வாக்கை முழுதாகப் போடுங்கள் என்பதுதான் என் கவலை எல்லாம்.

விஷயம் இதுதான். ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் நீங்கள் மூன்று பேர் வரைக்கும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு 1 போட்டிருந்த சீட்டுகளை எடுத்து, அதில் 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். மிஞ்சியிருக்கிற இருவரில் ஒருவருக்கு என்றால் அவர் கணக்கில் சேரும், இல்லாவிட்டால் 3 யாருக்கு என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் அந்தச் சீட்டின் வேலை அங்கேயே முடிந்துவிடும். 1982இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது, ஆனால் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால், இது புத்தகத்தில் கிடக்கிற சட்டம் என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள், எங்கள் உத்தியோகத்தர்கள் சிலர் உட்பட.

அந்த நினைப்புக்கு நாடு கொடுத்த விலையை எண்களில் பாருங்கள். செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. இவர்கள் இரண்டு பேருக்கும் வெளியே, ரணில் விக்கிரமசிங்க தொடக்கம் கடைசி வேட்பாளர் வரைக்கும் விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அந்த 33 இலட்சம் சீட்டுகளையும் பிரித்துப் பார்த்ததில், இந்த இருவரில் ஒருவருக்கு 2 அல்லது 3 இருந்தவை 273,131 மட்டுமே. அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. நூற்றுக்கு எட்டுச் சீட்டு. மிச்சம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள், நாட்டை யார் ஆளவேண்டும் என்ற கடைசிக் கேள்விக்கு ஒன்றும் சொல்லாமல் பெட்டிக்குள் திரும்பிப் போயின. கடைசியில் இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 12 இலட்சம் சொச்சம்தான். அந்தச் சீட்டுகள் பேசியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை, அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மக்கள் அந்தக் கட்டத்தில் வாய் திறக்கவில்லை என்பது சின்ன விஷயமா?

தேர்தலுக்கு முன்பு தம்பலகாமம் பக்கம் ஒரு கூட்டம். மாதிரி வாக்குச்சீட்டை மேசையில் விரித்து வைத்திருந்தோம். 39 பெயர்கள், இரண்டு அடிக்கு மேல் நீளம், மேசையின் ஓரத்தால் தொங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, விரலால் ஒவ்வொரு சின்னமாகத் தடவிக்கொண்டே போய், நடுவில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, ரெண்டாவதா இன்னொராளுக்குப் போட்டா, முதல் போட்ட ஆளுக்கு வாக்குக் குறைஞ்சிடுமெல்லே?" நான் கூட்டம் கூட்டமாகக் கேட்ட பயம் அது. நான் அவரிடம் சொன்னேன், மகனைச் சந்தைக்கு அனுப்பும்போது "பாரை மீன் வாங்கி வா, பாரை இல்லாட்டி கீரி மீன் வாங்கி வா" என்று சொல்வீர்கள்தானே, கீரி என்று சொன்னதற்காகப் பாரை கிடைக்காமல் போகுமா? உங்களுடைய முதலாவது ஆள் போட்டியில் நிற்கும்வரைக்கும் அந்த 2ஐ யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இதை ஏன் எலெக்ஷன் கேக்கிறவங்க ஒருத்தரும் சொல்லேல்ல?"

அரசியல்வாதிகள் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது. சொல்லவில்லை என்பது மட்டுமில்லை, பலர் வேண்டுமென்றே மறைத்தார்கள். நான் பார்த்த துண்டுப்பிரசுரங்களில் பெரும்பாலானவற்றில் தங்கள் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி (X), அவ்வளவுதான். "வேறு யாருக்கும் போடாதீங்க, வாக்கு செல்லாமப் போயிடும்" என்று வீடு வீடாகச் சொன்ன ஆதரவாளர்களையும் எனக்குத் தெரியும். இது அறியாமையால் சொன்னதென்றால் தேர்தல் கேட்கத் தகுதியில்லை, தெரிந்து சொன்னதென்றால் அது மக்களை ஏமாற்றுவது. வேறு எப்படிச் சொல்வது?

தமிழ்த் தரப்பை எடுத்துக்கொண்டால் எனக்கு இன்னும் மனவருத்தம். அந்தத் தேர்தலில் ஒரு தமிழ் வாக்காளரின் காதில் மூன்று குரல் விழுந்தது. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்குப் போடுங்கள் என்று ஒரு பக்கம், சஜித்துக்குப் போடுங்கள் என்று வவுனியாவில் கூடித் தீர்மானித்த தமிழரசுக் கட்சி இன்னொரு பக்கம், பகிஷ்கரியுங்கள் என்று தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி வேறொரு பக்கம். வாரக்கணக்கில் பத்திரிகையிலும் முகநூலிலும் ஒருவரையொருவர் கிழித்தார்கள். ஆனால் முதல் இரண்டு தரப்பும் ஒரே சீட்டில் சேர்ந்து நிற்க இடமிருந்தது! 1ஐச் சங்குக்குப் போட்டு, 2ஐத் தனக்குச் சரியென்று படுகிற பிரதான வேட்பாளருக்குப் போட்டால், இனத்தின் அடையாளத்தையும் காட்டலாம், ஆட்சி யாரிடம் போகவேண்டும் என்பதிலும் பங்கு எடுக்கலாம். அந்த 2ஐ முன்வைத்துப் பேரமும் பேசியிருக்கலாம். கிழக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2012இல், அதன் ஆயுள் முடிந்தது 2017இல். "மாகாண சபைத் தேர்தலை எந்த மாதத்துக்குள் வைப்பீர்கள், எழுதித் தாருங்கள், எங்கள் ஆட்களுக்கு 2ஐ உங்களுக்குப் போடச் சொல்கிறோம்" என்று ஒரு வேட்பாளரிடமாவது கேட்டிருக்கலாமே. குச்சவெளிக் காணிப் பிரச்சினை, வன இலாகாவும் தொல்பொருள் திணைக்களமும் அடைத்த நிலங்கள், இவையெல்லாம் மத்திய அரசின் கையில் இருப்பவை, ஜனாதிபதி நினைத்தால் நகரக்கூடியவை. சும்மா மேடையில் கைதட்டு வாங்கிப் போகிற வாக்குறுதியாக இல்லாமல் அவற்றைத் திகதியோடு கேட்கிற சந்தர்ப்பம் ஐந்து வருடத்துக்கு ஒரு தரம்தான் வருகிறது.

பகிஷ்கரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வாக்களிக்காமல் இருப்பதும் ஒருவரின் உரிமைதான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் 2005ஐ மறக்கவேண்டாம். அந்த முறை யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு நூற்றுக்கு இரண்டுகூட வரவில்லை, மகிந்த ராஜபக்ச வென்றது 180,786 வாக்கு வித்தியாசத்தில். அதற்குப் பிறகு மூண்ட போரில் என்ன நடந்தது என்பதை மூதூரிலும் சம்பூரிலும் இருக்கிறவர்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

அப்புறம், நிராகரிக்கப்பட்ட வாக்குகள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் 300,300. இது அரியநேத்திரன் நாடு முழுக்க எடுத்த 226,343ஐ விட அதிகம். இதைப் பற்றி எந்தக் கட்சி கூட்டம் கூட்டிப் பேசியது? வாக்கெண்ணும் மேசையில் சந்தேகச் சீட்டுகள் தனியாக வரும், கட்சிகளின் பிரதிநிதிகள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கு 1 போட்டிருக்கும். இரண்டு பேருக்குப் புள்ளடி இருக்கும். 1 இல்லாமல் 2 மட்டும் இருக்கும். சிலவற்றில் "எங்கட ரோட்டை யார் போடுவது" என்று பேனையால் எழுதிக் கையொப்பமும் வைத்திருப்பார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் வாக்காளரை இனங்காட்டுகிற எதுவும் சீட்டில் இருந்தால் அது செல்லாது, அந்தக் கோபத்தை யாரும் வாசிக்கப்போவதும் இல்லை. பாராளுமன்றப் பொதுத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு வேட்பாளர் இலக்கங்களுக்குப் புள்ளடி என்று பழகிய கை, இங்கேயும் அப்படியே போகிறது. ஜனாதிபதித் தேர்தலில் ஒரேயொரு புள்ளடி மட்டும் போட்டாலும் ஏற்பார்கள், ஆனால் புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்கவே வேண்டாம். 1 போடுங்கள், விருப்பமென்றால் 2, பிறகு 3. வீட்டில் ஒரு வெள்ளைத் தாளில் அப்பா அம்மாவுக்கு எழுதிக் காட்டினால் இரண்டு நிமிஷ வேலை.

வாக்காளர்கள் கேட்காத இன்னொன்று காசுக் கணக்கு. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு, 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று செலவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள், ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவு அறிக்கை கொடுக்கவேண்டும், அதைப் பொதுமக்களும் பார்க்கலாம். உள்ளூராட்சித் தேர்தலுக்கும் இந்தச் சட்டம்தான். உங்கள் வட்டாரத்தில் பட்டாசு கொளுத்தியவரின் கணக்கைப் போய்ப் பாருங்கள்.

அரசியல்வாதிகளுக்குச் செப்டம்பர் புரியாவிட்டாலும் நவம்பர் புரிந்திருக்கவேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தில் சஜித்தான் முதலாவது, அதுவும் பெரிய வித்தியாசத்தில். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டம் நான்கு ஆசனத்தில் இரண்டை அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. கிண்ணியாவும் மூதூரும் எங்கள் பை, சம்பூரும் பட்டணமும் உங்கள் பை என்று கட்சிக்காரர்கள் கணக்குப் பார்த்த காலம் போய்விட்டது. தமிழரசின் அந்த ஓர் ஆசனமும், இங்கே தமிழ்க் கட்சிகள் வீட்டுச் சின்னத்தில் சேர்ந்து நின்றதால் கிடைத்தது என்றே நான் நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிரிந்து நின்று சண்டை பிடிக்க அவர்களுக்கு வசதி இருந்தது, மூன்று சமூகமும் கலந்து வாழ்கிற எங்கள் மாவட்டத்தில் அது இல்லை. இதை இனிவரும் தேர்தல்களில் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தீர்மானம் எடுத்து அனுப்புகிறவர்கள் எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்தால் நல்லது.

கடைசியாக, வாக்காளர் இடாப்பு. வாக்களிப்பு அன்று காலை அடையாள அட்டையோடு வந்து, பெயர் இல்லையென்று கண் கலங்கித் திரும்பிப் போனவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கலியாணம் முடித்து வேறு கிராமத்துக்குப் போன பெண் பிள்ளைகள், அல்லது வாடகை வீடு மாறிய குடும்பங்கள். அந்த நேரத்தில் தலைமை தாங்கும் அலுவலரால் ஒன்றும் செய்யமுடியாது, சட்டம் விடாது. இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது, பெயர்ப் பட்டியலைக் காட்சிக்கு வைக்கிற காலத்தில் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ பார்க்கலாம், தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தும் பார்க்கலாம். இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் 18 வயது முடிந்த பிள்ளை இருந்தால், இந்தக் கிழமையே ஒருக்கால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள்.