பிள்ளை இப்ப ஆரிட்ட?

ஆடி, ஆவணியில் ஆஸ்பத்திரியின் சிறுவர் விடுதிக்கு வரும் விபத்துகளைப் பார்த்தாலே ஊரில் விடுமுறைக் காலம் என்று தெரிந்துவிடும். நல்லூர்த் திருவிழா ஒரு பக்கம், கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்து நிற்கும் சொந்தங்கள் இன்னொரு பக்கம். ஹயஸ் வான் ஒன்றைப் பிடித்து, இடியப்பமும் சம்பலும் பொதி கட்டி, காலையில் நயினாதீவு, மத்தியானம் சாட்டிக் கடற்கரை, பின்னேரம் கசூரினாக் கடற்கரை என்று ஒரே நாளில் ஓடி முடிப்போம். பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோசம் வேறில்லை. போகவேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்போம். இடம் மாறும், காயம் மாறும், பதில் மட்டும் மாறுவதில்லை. "மாமி பார்த்துக்கொண்டு நிக்கிறா எண்டு நினைச்சன் டொக்டர்." மாமியைக் கேட்டால், "தாய் பக்கத்திலதானே நிண்டவ." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தாயும் தகப்பனும் தனியாகக் கடற்கரைக்குப் போனால் பிள்ளையின் மேல் இருந்து கண்ணை எடுக்கமாட்டார்கள். பெரியம்மா, சித்தப்பா, அம்மம்மா, மச்சாள்மார் என்று பன்னிரண்டு பேர் கூடும்போதுதான் எல்லோருடைய பிடியும் தளர்கிறது. அத்தனை பேருக்கும் நடுவில் பிள்ளை ஒருவரிடமும் இல்லை.

அதனால் நான் பெற்றோரிடம் முதலில் சொல்வது ஒரு சின்ன ஒழுங்கு. எந்த நேரத்திலும் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள். அந்த ஆள் மாறும்போது வாயால் சொல்லி மாற்றவேண்டும்: "சித்தி, பிள்ளை இப்ப உங்களிட்ட." சித்தி "ஓம்" என்று சொல்லும்வரை பிள்ளை உங்களுடையது. பொறுப்பெடுத்தவர் கையில் போன் இருக்கக்கூடாது, படம் எடுக்கவும்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், கவனம் அதற்குமேல் நிற்காது. பியர் எடுத்தவரை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம், அவர் எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும். பத்து வயது அக்காவும் பிள்ளைதான். தம்பியைப் பார் என்று அவளிடம் விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை.

இந்த ஒழுங்கு வேறெங்கும் தவறலாம், தண்ணீர்க் கரையில் தவறக்கூடாது. உலகளவில் நீரில் மூழ்கி இறப்போரின் வீதம் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளிடையேதான் மிக அதிகம். ஐக்கிய நாடுகள் சபை 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. எங்கள் உலாக்காலத்தின் வாசலில்தான் அந்த நாளும் வருகிறது.

கையை வீசி, கத்தி, உதவி கேட்டு மூழ்குவது சினிமாவில். மூச்செடுக்கவே வாய் போதாத பிள்ளை எப்படிக் கத்தும்? முகம் நீருக்குள் போகும், கை இரண்டும் பக்கவாட்டில் நீரை அழுத்தும், சத்தமே இருக்காது. சிறு பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை பாரம். முழங்கால் அளவு நீரில் குப்புற விழுந்தாலும் தானாக எழும்ப முடியாமல் போகலாம். இரண்டு நிமிடத்துக்குள் நினைவு தப்பும். நாலைந்து நிமிடம் தாண்டினால் மூளைக்குச் சேதம் தொடங்கும். ஒரு ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வரும் நேரம் அது.

கசூரினாவில் கடல் கனதூரம் ஆழமில்லாமல் போகும். அந்த ஆழமின்மையை நம்பித்தான் பெரியவர்கள் சவுக்குமர நிழலில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை நீருக்குள் நின்றால், பார்ப்பவரும் நீருக்குள் நிற்கவேண்டும், கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

கீரிமலையில் சிக்கல் வேறு விதம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. நாலைந்து வயது மகன் தகப்பனோடும் மாமாமாரோடும் ஆண்கள் பக்கம் போய்விடுவான், தாய்க்கு அவன் கண்ணில் படமாட்டான். அங்கே இளந்தாரிகள் மதிலில் இருந்து குதிப்பார்கள், படிகளில் பாசி பிடித்திருக்கும். தகப்பன் தான் நீந்தவேண்டும் என்று ஆசைப்பட்டால், அதற்குமுன் பிள்ளையை இன்னொருவர் கையில் பெயர் சொல்லி ஒப்படைக்கவேண்டும்.

குறிகட்டுவானில் படகு ஏறும்போது, முதலில் ஒரு பெரியவர் ஏறி நின்று, பிறகு பிள்ளையை வாங்கவேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குதுறைக்கும் படகுக்கும் நடுவில் கால் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். நயினாதீவுக்குச் சின்ன ஓட்டம்தான், நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும். தூரம் குறைவு என்று உயிர்காப்பு அங்கியை மடியில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. 2021 நவம்பரில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் தெப்பம்) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். அது கடல்கூட இல்லை, களப்பைக் கடக்கும் சிறு தூரம்.

அங்கி போட்டால் மட்டும் போதாது, அளவும் சரியாக இருக்கவேண்டும். உள்பக்கத்தில் எத்தனை கிலோ நிறைக்கு என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். எல்லாப் பட்டியையும் பூட்டியபின் தோள் பகுதியில் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி நாடியை (முகவாயை) தாண்டிக் காதுவரை வந்தால், நீருக்குள் பிள்ளை கீழே நழுவும், அங்கி மட்டும் மிதக்கும். தொடைக்கு நடுவால் வரும் பட்டி சிறு பிள்ளைகளுக்கு அவசியம். காற்றடிக்கும் கைப்பட்டையும் ரியூப்பும் விளையாட்டுச் சாமான்கள், அவை உயிர் காக்கா.

கைக்குழந்தைக்குப் பொருத்தமான அங்கி படகில் கிடைப்பது அரிது. நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளையை நயினாதீவு நாகபூசணி அம்மாளின் முன்னால் கிடத்தவேண்டும் என்ற ஆசை எனக்குப் புரியும். ஆனாலும் சோளகம் உரத்து வீசும் நாளில் அந்தப் பயணம் வேண்டாம். காற்று அடங்கிய ஒரு நாள் காலையில் போகலாம், அல்லது அடுத்த வருடம் போகலாம். அம்மாள் காத்திருப்பா.

நீரில் மூழ்கிய பிள்ளையை வெளியே எடுத்ததும் தலைகீழாகப் பிடித்து ஆட்டுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். நேரம் போகும், வாந்தி சுவாசப்பைக்குள் போகும். ஒருவர் 1990க்கு அழைக்கட்டும், சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது. மற்றவர் பிள்ளையை நிமிர்த்திக் கிடத்தி, நாடியை உயர்த்தி, மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து தடவை வாயால் ஊதவேண்டும், நெஞ்சு எழும்புவது தெரியும்படி. அதன்பிறகும் அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி. அழுத்தம் நெஞ்சின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு உள்ளே போகவேண்டும், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பிள்ளை எழும்பி அழுதுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். சில மணித்தியாலம் கழித்து மூச்சு முட்டத் தொடங்கலாம்.

விளையாட்டுப் பூங்காக்களுக்கு வருவோம். இயக்கச்சிப் பக்கம் போய்வருபவர்கள் இப்போது அதிகம், கொழும்புக்குப் போனால் அங்கும் நீர்ப்பூங்கா ஒன்றைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இராட்டினத்தைப் பார்த்துப் பயப்படும் பெற்றோர் சறுக்கைப் பார்த்துப் பயப்படுவதில்லை. எங்களிடம் வரும் கால் முறிவுகளில் பெற்றோரை மிகவும் அதிர வைப்பது சறுக்கில் நடப்பதுதான், அதுவும் தாய் தகப்பன் மடியில் இருந்தபடி. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை தனியாகச் சறுக்கினால் பயம் என்று மடியில் வைத்துச் சறுக்குகிறார்கள். பிள்ளையின் சப்பாத்து அடி பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தனியாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஏனென்றால் பத்து, பன்னிரண்டு கிலோதான். பின்னால் இருக்கும் தகப்பனின் எழுபது கிலோ நிற்காது. கால் அங்கே, உடம்பு இங்கே. கணைக்கால் எலும்பு முறுகி வெடிக்கும்.

வீக்கம் பெரிதாக இருக்காது. பிள்ளை அந்தக் காலை ஊன்ற மட்டும் மறுக்கும். முதல் எக்ஸ்றேயில் கோடு தெரியாமலும் போகலாம். சுளுக்கு என்று நினைத்து நோவெண்ணெய் தேய்த்து, இரண்டு நாள் கழித்து வருகிறார்கள். முறிந்த எலும்பைத் தேய்த்தால் பிள்ளைக்கு வலி கூடும், வேறு பலன் இல்லை. உயரமான சறுக்கில் தனியாகப் போகப் பயப்படும் பிள்ளைக்கு அந்தச் சறுக்கு இன்னும் பொருந்தவில்லை. சின்னச் சறுக்கில் தனியாக விடுங்கள், நீங்கள் கீழே நில்லுங்கள்.

காற்றடித்த பவுன்சி கோட்டையிலும் இதே கதை. பன்னிரண்டு வயது அண்ணன் குதித்து இறங்கும் நேரம் மூன்று வயதுத் தம்பி மேலே எழும்புவான். அண்ணனின் பாரம் முழுவதும் தம்பியின் முழங்காலுக்குக் கீழ் வந்து இறங்கும். ஒரே உடம்பளவுப் பிள்ளைகளை மட்டும் ஒன்றாக விடச் சொல்லிக் கேளுங்கள். ரிக்கற் கொடுப்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

வானில் தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே பத்துப் பாகை அளவில் சூடு ஏறிவிடும், யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. குடிக்க வெறுந்தண்ணீர் போதும். வயிற்றோட்டம் தொடங்கினால் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம், எந்த வெயிலிலும்.

திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையில் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள். காலையில் பிள்ளை போட்டிருக்கும் உடுப்போடு ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது சட்டையின் நிறம் தாய்க்கே ஞாபகம் வருவதில்லை.

கடைசியாகக் கச்சான், அதாவது நிலக்கடலை. நல்லூர் வீதியில் வறுத்த கச்சான் வாங்காமல் வீடு திரும்ப முடியாது, எனக்கும் முடியாது. ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்கவேண்டாம். கடைவாய்ப் பல் சரியாக அரைக்காது. வான் குலுங்கும், பிள்ளை அரைத்தூக்கத்தில் சிரிக்கும், ஒரு பருப்பு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சே எடுக்க முடியாமல் திணறினால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னுக்குச் சாய்த்து முதுகில் ஐந்து அடி, பிறகு தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அமுக்கு. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றில் அமுக்கக்கூடாது, நெஞ்சில்தான்.

பருப்பு சின்னக் குழாய் ஒன்றில் போய் இருந்துவிட்டால் பிள்ளை திணறாது. ஒருதரம் பலமாக இருமும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல விளையாடும். ஒரு கிழமை கழித்து மூச்சிழுப்பு, காய்ச்சல். கச்சான் எக்ஸ்றேயில் தெரியாது. ஒரு பக்க நெஞ்சில் மட்டும் காற்று குறைவாகக் கேட்டால் நாங்கள் சந்தேகப்படுவோம், ஆனால் எல்லா நேரமும் அது கேட்காது. அப்படி இருமல் விடாமல் வந்தால், டொக்டரிடம் போனதும் முதல் வசனமாகச் சொல்லுங்கள்: "அண்டைக்கு வானுக்குள்ள கச்சான் சாப்பிடேக்க ஒருக்கா புரைக்கேறினது."