நான்கு நொடி மூச்சு

‘ஹொகே’ என்றால் கன்னடத்தில் புகை, ‘கல்’ என்றால் பாறை. ஒகேனக்கல்லில் பாறைமேல் எழும் நீர்ப்புகைதான் அந்தப் பெயருக்குக் காரணம். பரிசலில் கொஞ்சம் நெருங்கினாலே சட்டை நனைந்துவிடும். அங்கே காவிரி காற்றுக்குள் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. பாக்டீரியா வளர்க்கும் உயிர்க்கலனில் நடப்பது இதற்கு நேர்மாறு: காற்றைத் தண்ணீருக்குள் பொடியாக்குகிறார்கள்.

ஏன் இந்தப் பாடு? தண்ணீரில் ஆக்சிஜன் சரியாகக் கரையாது. சர்க்கரை என்றால் ஒரு லிட்டரில் நூற்றுக்கணக்கான கிராம் கரைத்துவிடலாம். காற்றிலிருந்து வரும் ஆக்சிஜனோ, 37 டிகிரி சூட்டில், லிட்டருக்கு 7 மில்லிகிராம் அளவுக்குத்தான் தங்கும். இன்சுலின் போன்ற மருந்துகளுக்காக அடர்த்தியாக வளர்க்கப்படும் ஈ.கோலை என்ற பாக்டீரியாக் கூட்டம், அது வளரும் சத்துநீரில், அதாவது குழம்பில், லிட்டருக்கு மணிக்கு 6 கிராம் ஆக்சிஜன்கூட இழுக்கும். கணக்குப் போட்டால், கையிருப்பு நான்கு நொடிக்குத்தான் வரும்!

அப்புறம் என்ன, நிறைய காற்றை ஊத வேண்டியதுதானே என்று தோன்றும். அது மட்டும் போதாது. பெரிய குமிழிகள் மடமடவென்று மேலே வந்து உடைந்து போய்விடும். உள்ளே இருந்த ஆக்சிஜனில் பெரும்பங்கு அப்படியே வெளியேறிவிடும். ஒரு லிட்டர் காற்றை ஒரு சென்டிமீட்டர் குமிழிகளாக்கினால் மொத்தப் பரப்பு 0.6 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் குமிழிகளாக்கினால் 6 சதுர மீட்டர். அதே காற்று, பத்து மடங்கு வாசல்! சிறு குமிழி மெதுவாக ஏறுவதால் கூடுதல் நேரமும் கிடைக்கிறது.

அதனால்தான் கலனின் அடியில் துளைகள் கொண்ட குழாய் வழியாகக் காற்றை விட்டு, அதற்கு நேர் மேலே சுழலும் தட்டையான இறக்கைகளால் குமிழிகளை நறுக்குகிறார்கள். சுவரோரம் நிற்கும் தடுப்புத் தகடுகள் இல்லாவிட்டால் குழம்பு மொத்தமாகச் சுழலுமே தவிர, கலக்காது. பாக்டீரியா மிகச் சிறியது. இந்த அடியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

நுரைதான் தொல்லை. அதை அடக்க எண்ணெய் போன்ற பொருளை விட்டால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். பாடுபட்டுச் சேர்த்த பரப்பு குறைந்துபோகும். கலக்கும் வேகத்தைக் கூட்டினால் மின்சாரச் செலவு ஏறும், சூடும் ஏறும். அழுத்தத்தைக் கூட்டலாம். காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனை விட்டால் ஏறக்குறைய ஐந்து மடங்கு கரையும், காசும் கரையும்.

எனக்குப் பிடித்த தந்திரம் வேறு. சர்க்கரையை மொத்தமாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகச் சொட்டவிடுவது. அள்ளிக் கொடுத்தால் ஈ.கோலை அவசரமாகத் தின்று, அசிட்டிக் அமிலத்தைக் கக்கி, தன் வளர்ச்சியைத் தானே கெடுத்துக்கொள்ளும். அளந்து ஊட்டினால், மூச்சும் அளவாகத்தான் வாங்கும்.