“அசையவே விடலை சார்!”

மாரடைப்பு வந்தவர்களுக்கு அளந்து உடற்பயிற்சி கொடுத்துத் தேற்றும் எங்கள் கார்டியாக் ரீஹேப் பிரிவுக்குப் போன திங்கட்கிழமை வந்தவருக்கு வயது 54. உசிலம்பட்டிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறார். மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. ஒரு கையை மகனும் மறு கையை மனைவியும் பிடித்துக்கொண்டு உள்ளே அழைத்து வந்தார்கள். “கட்டில்லேர்ந்து பாத்ரூம் போனாலே மூச்சு வாங்குது. ஹார்ட் மறுபடி கெட்டுப்போச்சு போல சார்” என்றார் மகன்.

அன்று காலையில் எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) கையிலேயே இருந்தது. வீட்டுக்குப் போன அன்று இதயம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கெட்டுப்போயிருந்தது தொடை. சதையெல்லாம் வற்றி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்: “ஒரு சொம்புத் தண்ணிகூட அவரை எடுக்க விடலை. அசையவே விடலை சார்!”

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன்.

“ஹார்ட்டுக்கு ரெஸ்ட் குடுக்கணும்” என்கிறார்கள். இதயத்துக்கு எப்படி ஐயா ரெஸ்ட் கொடுப்பீர்கள்? நீங்கள் படுத்தாலும் அது துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஓய்வு கிடைப்பது கால் தசைக்கு மட்டும். வேலையில்லாத தசை கரையும். ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்ளும் திறனும் அதற்குக் குறையும். பிறகு பத்தடி நடக்கவே இதயம் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஓய்வு என்று நினைத்துச் செய்தது இதயத்துக்கு வேலையைக் கூட்டுவதில் போய் முடிகிறது. 1966-ல் அமெரிக்காவின் டல்லஸில் ஆரோக்கியமான, 20 வயதுள்ள 5 இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐவரையும் மறுபடி பரிசோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை பறித்த அளவுக்கு 30 வருட முதுமைகூட அவர்களின் உடல்திறனைப் பறிக்கவில்லை. இளவட்டத்துக்கே இந்தக் கதி என்றால், சர்க்கரை நோயும் உள்ள 54 வயதுக்காரரை மூன்று மாதம் கட்டிலில் போட்டால்?

மாரடைப்பு என்றால் ஆறு வாரம் அசையாமல் படு என்று மருத்துவர்களே சொன்ன காலம் ஒன்று இருந்தது. நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று 1952-லேயே லெவின், லவுன் என்ற இரு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஊருக்குத்தான் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. தமிழ்நாடு அரசு 2023-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது, நல்ல விஷயம். ஸ்டென்ட் வைத்த பத்தாம் நாள் நண்பர்களோடு அந்த எட்டையும் நடந்துவிட்டு, மயக்கம் என்று வந்து சேர்ந்தார் ஒருவர். கேட்டால் டிஸ்சார்ஜ் தாளைக் காட்டுகிறார். ‘தினமும் நடக்கவும்’ என்று ஒற்றை வரி. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று ஒன்றும் இல்லை. (கார்டியாலஜி நண்பர்கள் கோபிக்க வேண்டாம். மாத்திரைக்கு மில்லிகிராம் எழுதுகிறீர்கள், நடைக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?)

அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் ஆஸ்பத்திரி. அளந்து கொடுத்ததைச் செய்வதற்கு வீடு. கார்டியாக் ரீஹேப் என்றால் வாரம் மூன்று முறை, 12 வாரம், ஆக 36 முறை வர வேண்டும் என்பது வெளிநாட்டுக் கணக்கு. இரண்டு பஸ் மாறி வருகிற மளிகைக்கடைக்காரர் 36 தடவை வருவாரா? வர மாட்டார், எனக்கும் தெரியும். முதல் இரண்டு வாரம் நாலைந்து முறை வாருங்கள், போதும். 30 மீட்டர் வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க வைத்து தூரம், நாடி, பிரஷர், மூச்சு எல்லாம் பார்ப்போம். ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் மிதிக்க வைப்போம். மீதி வீட்டில். தினமும் ஒரு நோட்டில் நாலு வரி எழுத வேண்டும், வாரம் ஒருமுறை போன், மாதம் ஒருமுறை நேரில். அவ்வளவுதான்.

இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 4,000 பேரை வைத்து, 13 வகுப்பு யோகாவோடு வீட்டுப் பயிற்சியும் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது, 2020-ல் வெளியானது. மறு மாரடைப்பும் மரணமும் குறைந்தன என்று அதில் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் யோகா செய்தவர்கள் முன்னால் இருந்தார்கள். கடையைத் திறக்க வேண்டியவருக்கு அது சின்ன விஷயமா?

மகன்கள் வாங்கித் தரும் ஸ்மார்ட் வாட்ச் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல்ஸ் அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம் என்று 220-லிருந்து வயதைக் கழித்துக் கணக்குப் போட்டு, “அப்பா, இன்னும் பல்ஸ் ஏறலை, வேகமா நடங்க” என்று விரட்டுகிறார்கள். அப்பா சாப்பிடும் மெட்டோப்ரோலால் மாத்திரையின் வேலையே பல்ஸை ஏற விடாமல் பிடித்து வைப்பதுதான் தம்பி. வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வீட்டில் அதுதான் அளவு.

பெண்கள் கதை வேறு. “அம்மாதான் எந்நேரமும் வீட்டுல நடந்துக்கிட்டே இருக்காங்களே, தனியா எதுக்குப் பயிற்சி?” என்று மகள்களே கேட்கிறார்கள். அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடப்பது களைப்பைத் தரும், பயிற்சி ஆகாது. பைபாஸ் முடிந்த நாலாவது வாரம் குடம் தூக்கிய ஓர் அம்மாவைப் பார்த்தேன். நிறைகுடம் சுமார் 15 கிலோ. அறுத்துக் கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேரவே இரண்டு மூன்று மாதம் ஆகும், சர்க்கரை இருந்தால் இன்னும் தாமதம். அதுவரை குடத்தை வேறு யாராவது தூக்குங்கள், தயவுசெய்து.

இனி கறாராகச் சில வார்த்தை. இதயத்தின் பம்பிங் ரொம்பக் குறைந்தவர்கள், துடிப்பு தாறுமாறாக ஓடுபவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்கள் வீட்டில் தாமாக எதையும் தொடங்க வேண்டாம். சாப்பிட்ட கையோடு நடக்காதீர்கள். சித்திரை வெயிலில் நடந்து வீரம் காட்டாதீர்கள், அதுவும் நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் நில்லுங்கள், உட்காருங்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நாக்குக்கடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லையென்றால் 108. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வரக் கூடாது. மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால், கால் வீங்கினால், அன்றே போன் செய்யுங்கள். பல் பிடுங்க வேண்டும் என்று, ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தினீர்களோ, என்னிடம் வராதீர்கள். நேரே கார்டியாலஜிஸ்ட்டிடம் போய்த் திட்டு வாங்குங்கள்.

மளிகைக்கடைக்காரர் முதல் நாள் ஆறு நிமிடத்தில் 190 மீட்டர் நடந்தார், நடுவில் இரண்டு முறை நின்று. அந்த அம்மா வராந்தா ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு கூடவே நடந்தார். அவருக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை மறுபடி வருகிறார்கள். இந்த முறை ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.