144.1 எடுத்தவர் தோற்றார்

2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன் நகரம். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதியாட்டம். அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் மேட் ரயன் அன்று 23 முறை பந்தை எறிந்தார். அதில் 17 அவருடைய ஆட்களின் கையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 284 யார்டு, 2 டச்டவுன். ஒரு பந்தைக்கூட எதிரணி பறிக்கவில்லை.

எதிரே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டாம் பிரேடி. 62 எறிவு, 43 பிடிப்பு, 466 யார்டு, 2 டச்டவுன். ஒரு பந்தை ஃபால்கன்ஸ் வீரர் ராபர்ட் ஆல்ஃபர்ட் இடையில் பறித்து, 82 யார்டு ஓடிப் போய் டச்டவுனே வைத்துவிட்டார்.

குவார்ட்டர்பேக்குகளுக்கு மதிப்பெண் போடும் 'பாஸர் ரேட்டிங்' கணக்குப்படி ரயனுக்கு 144.1, பிரேடிக்கு 95.2. ஆட்டத்தை வென்றது பிரேடியின் அணி. ஒரு கட்டத்தில் 3–28 என்று பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தில் 34–28.

கணக்கில் தவறு ஏதும் இல்லை. நானே பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் சரியாகவே வருகின்றன. அந்த எண் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது, எதைப் பார்ப்பதே இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தோடு போய்விட்டால் டச்டவுன், 6 புள்ளி. பந்தை எறிவதா, ஓடுபவர் கையில் கொடுப்பதா என்பதெல்லாம் பெரும்பாலும் குவார்ட்டர்பேக் வழியாகவே நடக்கும்.

தொழில்முறை லீகான என்எஃப்எல் இந்த ரேட்டிங் சூத்திரத்தை 1973இல் ஏற்றுக்கொண்டது. உள்ளே நான்கு விகிதங்கள்: எறிந்ததில் எத்தனை பங்கு பிடிபட்டது, ஒரு எறிவுக்குச் சராசரியாக எத்தனை யார்டு, எத்தனை பங்கு டச்டவுன், எத்தனை பங்கு எதிரணி கைக்குப் போனது. பிரேடியின் எண்களையே போட்டுப் பார்க்கலாம்.

பிடிபட்ட பங்கு 43/62, அதாவது 0.694. இதில் 0.3 கழித்து 5ஆல் பெருக்கினால் 1.97. யார்டு சராசரி 7.52. அதில் 3 கழித்து நான்கில் ஒரு பங்கு எடுத்தால் 1.13. டச்டவுன் 2/62, இதை 20ஆல் பெருக்கினால் 0.65. எதிரணி பறித்தது 1/62. அதை 25ஆல் பெருக்கி 2.375இலிருந்து கழித்தால் 1.97. நான்கையும் கூட்டி, ஆறால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் 95.2.

0.3, 3, 2.375 என்று இந்த எண்கள் எங்கிருந்து குதித்தன? அந்தக் காலத்துச் சராசரி ஆட்டத்துக்கு ஒவ்வொரு பகுதியிலும் சரியாக 1 கிடைக்க வேண்டும் என்று அமைத்தார்கள். பாதி எறிவுகள் பிடிபட வேண்டும், எறிவுக்கு 7 யார்டு, டச்டவுன் 5 சதவீதம், பறிபோவது 5.5 சதவீதம். இப்படி ஆடினால் நான்கு பகுதிக்கும் ஒவ்வொன்று, மொத்தம் 66.7. ஒரே ஒரு விஷயத்தில் பொளந்து கட்டி மற்றதை மறைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பகுதிக்கும் 2.375 என உச்சவரம்பும், கீழே 0 என வரம்பும் வைத்தார்கள். அதனால்தான் முழு மதிப்பெண் 158.3 என்ற விசித்திர எண்ணாக நிற்கிறது.

இந்தச் சூத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நாணயமாற்று விகிதம் ஒளிந்திருக்கிறது. ஒரு யார்டுக்கு 0.25, ஒரு பிடிப்புக்கு 5, டச்டவுனுக்கு 20, பறிகொடுத்தால் மைனஸ் 25. எல்லாவற்றையும் யார்டாக மாற்றினால், வரம்பை முட்டாதவரை, ஒரு பிடிப்பின் விலை 20 யார்டு. டச்டவுன் 80 யார்டு. பறிபோன பந்து 100 யார்டு நஷ்டம். ஆல்ஃபர்ட் 82 யார்டு ஓடி டச்டவுன் வைத்தாலும், பறித்த இடத்திலேயே விழுந்திருந்தாலும் பிரேடிக்கு அபராதம் ஒன்றுதான்.

இதனால் சில வேடிக்கைகள் நடக்கும். பின்னால் நிற்கும் ஆளுக்கு எறிந்து, அவர் பிடித்து, 5 யார்டு பின்னுக்கே தள்ளப்பட்டார் என்று வையுங்கள். அணிக்கு நஷ்டம். ஆனால் ரேட்டிங்கில் பிடிப்புக்கு 20, நஷ்டத்துக்கு மைனஸ் 5, ஆக 15 யார்டு லாபம். பந்தை ஆளில்லாத இடத்தில் எறிந்து வீணாக்குவதைவிட இது மேலாம்! இன்னொன்று: ஒரு ஆட்டம் முழுக்க எல்லா எறிவையும் தரையிலேயே அடித்தாலும் ஒருவருக்கு 39.6 கிடைக்கும், எதிரணி எதையும் பறிக்கவில்லை என்பதற்காக. 2017 நவம்பரில் பஃபலோ அணிக்காக முதல்முறை தொடக்கத்திலேயே களமிறக்கப்பட்ட நேத்தன் பீட்டர்மன், முதல் பாதியிலேயே 5 பந்தைப் பறிகொடுத்தார். 14 எறிவில் 6 பிடிப்பு, 66 யார்டு, ரேட்டிங் 17.9. பாவம், 14ஐயும் தரையில் அடித்திருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கியிருப்பார்.

உச்சவரம்பின் குணம் தெரிய வேண்டுமானால் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் ட்ரூ பிரீஸைப் பார்க்க வேண்டும். 2018 அக்டோபர் 8 அன்று வாஷிங்டனுக்கு எதிராக 62 யார்டு டச்டவுன் ஒன்றை எறிந்து, பெய்டன் மேனிங்கின் 71,940 யார்டு என்ற வாழ்நாள் சாதனையைத் தாண்டினார். ஆட்டத்தை நிறுத்தி வைத்துக் கொண்டாடினார்கள். அன்று அவர் 29க்கு 26, 363 யார்டு, 3 டச்டவுன். பிடிப்பும் யார்டும் உச்சவரம்பை முட்டிவிட்டன, ரேட்டிங் 153.2. அடுத்த ஆண்டு டிசம்பர் 16, இண்டியானாபொலிஸுக்கு எதிரான ஆட்டம் இன்னும் அபாரம். 30 எறிவில் 29 பிடிப்பு, 4 டச்டவுன். மேனிங்கின் 539 டச்டவுன் சாதனையும் அன்றே போனது. ஆனால் எறிவுக்குச் சராசரி யார்டு குறைந்ததால் ரேட்டிங் 148.9, முந்தையதைவிடக் குறைவு! 77.5 சதவீதத்துக்கு மேல் எத்தனை பிடிபட்டாலும் ஒரே மதிப்பெண்தான். 30க்கு 29 என்ற அந்தத் துல்லியத்தில் ஒரு பகுதி சூத்திரத்தின் கண்ணில் படவே இல்லை.

சரி, ஹூஸ்டனுக்கு வருவோம். ரயனின் 144.1 பார்க்காமல் விட்டது எதை?

எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைப் பிடித்துத் தரையில் சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் 'சாக்'. அது எறிவே இல்லை என்பதால் ரேட்டிங்குக்குள் வராது. அணியின் மொத்தக் கணக்கில் அந்த நஷ்டம் கழியும். குவார்ட்டர்பேக்கின் சொந்தக் கணக்கில் கழியாது. ரயன் பெயரில் 284 யார்டு, அணியின் பெயரில் 240 மட்டுமே. இடையில் காணாமல் போன 44 யார்டும் ஐந்து சாக்குகளில் போனவை.

அந்த ஐந்தில் இரண்டு ஆட்டத்தையே திருப்பின. கடைசிக் கால்பகுதியில் ஃபால்கன்ஸ் 28–12 என்று முன்னிலையில் இருக்கும்போது டான்டா ஹைடவர் பாய்ந்து வந்து ரயனைச் சாய்க்க, பந்து கைநழுவி பேட்ரியட்ஸிடம் போனது. கொஞ்ச நேரத்தில் 28–20. அடுத்த முறை ஜூலியோ ஜோன்ஸ் நம்பமுடியாத ஒரு பிடிப்பைப் பிடித்து, பந்தை எதிரணியின் 22 யார்டு கோட்டுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பந்தைக் கோல்கம்பங்களுக்கு நடுவே உதைத்தாலே 3 புள்ளி, அது ஏறக்குறையக் கையில் இருந்தது. முன்னிலை 11 ஆகியிருக்கும். ஆனால் ட்ரே ஃபிளவர்ஸ் ரயனை 12 யார்டு பின்னால் வைத்து அமுக்கினார். அதன்பின் சக வீரர் ஒருவர் விதிமீறியதற்கு 10 யார்டு அபராதம். உதைக்கும் தூரமே இல்லாமல் போனது. இத்தனைக்கும் ரேட்டிங்கில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

விகிதங்கள் மறைக்கும் இன்னொன்று அளவு. அன்று ஃபால்கன்ஸ் ஆடிய தாக்குதல் நகர்வுகள் 46, பேட்ரியட்ஸ் ஆடியவை 93. சரியாக இரண்டு மடங்குக்கு ஒன்று அதிகம். இரவெல்லாம் களத்தில் நின்ற ஃபால்கன்ஸ் தடுப்பாட்டக்காரர்களின் கால்கள் கடைசியில் என்ன நிலையில் இருந்திருக்கும்!

1973இல் இதை அமைத்தவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் கண்டது அப்போதைய ஆட்டத்தை. 1978இல் விதிகள் மாறின. பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பாளர் முதல் 5 யார்டுக்குள் மட்டுமே தொடலாம் என்று வந்தது. குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்றும் வந்தது. அதன்பின் எறிதல் படிப்படியாகச் சுலபமானது. சராசரியாக 66.7 வர வேண்டிய இடத்தில் இப்போது லீகின் சராசரி சுமார் 90. அந்தக் காலத்து 80ஐயும் இந்தக் காலத்து 95ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலையே வேண்டாம்.

வேறு வழி முன்பே இருந்தது. வர்ஜில் கார்ட்டர் என்ற சின்சினாட்டி குவார்ட்டர்பேக், ராபர்ட் மாக்கல் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். களத்தின் ஒவ்வொரு இடத்திலும் பந்து இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளி எதிர்பார்க்கலாம் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. ஒரு நகர்வுக்கு முன் அந்த மதிப்பு எவ்வளவு, பின் எவ்வளவு, வித்தியாசம்தான் அந்த நகர்வின் விலை. சாக்கும் கைநழுவலும் தானாகவே உள்ளே வந்துவிடும். மைதானத்தில் அடி வாங்கிக்கொண்டே இதையும் செய்திருக்கிறார் மனிதர். ஆனால் ஒவ்வொரு நகர்வையும் பதிந்து, கூட்டிக் கழிக்கக் கணினி வேண்டும்; அதனால் அந்த யோசனை பரவலாகப் புழக்கத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆனது.

பிரேடியின் எண்ணும் முழுமையானதல்ல. ஆட்டம் முடிய 57 விநாடி இருக்கும்போது ஜேம்ஸ் வைட் டச்டவுன் வைத்து 28–26 ஆனது. அடுத்து, சமன் செய்ய 2 புள்ளி முயற்சி. பிரேடி எறிந்தார், டேனி அமெண்டோலா பிடித்தார், 28–28. டச்டவுனுக்குப் பிந்தைய இந்த முயற்சிகள் எறிவுக் கணக்கில் சேராது என்பது விதி. அதனால் அந்த 43இல் இந்தப் பிடிப்பு இல்லை. அப்புறம் கூடுதல் நேரத்தின் கடைசி நகர்வு, எல்லையிலிருந்து 2 யார்டு. பிரேடி பந்தை வைட்டிடம் எறிந்தார், வைட் உள்ளே புகுந்தார், கோப்பை கைக்கு வந்தது. ஆனால் பந்து முன்னால் போனால்தான் எறிவு. இதைப் பக்கவாட்டில் பின்னால் தூக்கிப் போட்டதால் வைட்டின் பெயரில் 2 யார்டு ஓட்டம் என்று எழுதிக்கொண்டார்கள்.