கூட்டுக்குள் புழு கூழாகிறதா?

தனுஷ்கோடி மணலானாலும் சரி, மண்டபத்து ரோட்டோரமானாலும் சரி, மற்ற செடியெல்லாம் வாடும் வெயிலிலும் எருக்கு பச்சையாக நிற்கும். பிள்ளையாருக்கு மாலை கட்டப் பூப் பறிப்பதோடு நாம் அதை விட்டுவிடுகிறோம். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சிக்கோ அதுதான் பிறந்த வீடு. இலைக்கு ஒன்றாக முட்டையிட்டுவிட்டுத் தாய் பறந்துவிடும்.

முட்டையிலிருந்து வரும் புழு முதலில் தின்பது முட்டை ஓட்டைத்தான். அப்புறம் இலை. எருக்கம்பால் வாயில் ஒட்டிக்கொண்டால் ஆபத்து. அதனால் இலையை வட்டமாகக் கடித்துப் பால் வரும் வழியை அறுத்துவிட்டு, பால் வடிந்த பகுதியை மேய்கிறது. செடியின் நஞ்சு உடம்பில் தங்கிவிடும். சிறகு முளைத்த பிறகும் பறவைகளிடமிருந்து காப்பாற்றுவது அந்த நஞ்சுதான்.

புழு வளரும் வேகத்துக்கு அதன் தோல் ஈடுகொடுக்காது. எனவே 4 முறை தோலுரிக்கிறது. ஒரு உரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம். 'உரி' என்று கட்டளையிடுவது எக்டைசோன் என்னும் ஹார்மோன். புட்டெனாண்ட், கார்ல்சன் என்ற ஜெர்மன் விஞ்ஞானிகள் 1954-ல் இதைப் பிரித்தெடுத்தபோது, 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம்! ஆனால் உரித்த பிறகு என்னவாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இன்னொன்று: இளமை ஹார்மோன். இது நிறைய இருக்கும்வரை, எத்தனை முறை உரித்தாலும் புழு புழுதான். கடைசிப் பருவத்தில் இது வற்றுகிறது. அதன் பிறகு எக்டைசோன் சுரந்தால் கூட்டுப்புழு. இளமை ஹார்மோனின் செயற்கை நகல் ஒன்றை நீரில் கலந்து, கொசுப்புழு கொசுவாகாமல் தடுக்கிறார்கள்.

இரை எடுப்பதை நிறுத்திய புழு, ஒரு பட்டுத் திட்டு நெய்து அதில் தலைகீழாகத் தொங்குகிறது. கடைசித் தோல் கிழிந்ததும், உள்ளே தயாராக இருந்த கூட்டுப்புழு தெரிகிறது: பச்சையிலோ ரோஸிலோ, பொன் புள்ளிகளோடு. 'கூடு கட்டியது' என்று நாம் சொன்னாலும், அந்த ஓடு கட்டியதல்ல, அதன் சொந்தத் தோல். மேலே பட்டு நூல் சுற்றிக்கொள்வது அந்துப்பூச்சிகளின் பழக்கம், அதுவும் எல்லாம் அல்ல. ராமநாதபுரம் முண்டு மிளகாயைத் துளைக்கும் காய்ப்புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. கோடை உழவில் அது மேலே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாவது அதனால்தான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? புழு முழுக்கக் கரைந்து கூழாகி, அந்தக் கூழிலிருந்து பூச்சி உருவாகிறது என்று பாடத்தில் படித்திருப்போம். பாதிதான் உண்மை. பின்பக்கச் சதைக்கால்களும் பழைய தசைகள் பலவும் செரிமான நொதிகளால் கரைகின்றன, அது நிஜம். ஆனால் சிறகுக்கான செல்கள் புழுவின் உடம்பில் சின்னஞ்சிறு தட்டுகளாக முன்பே காத்திருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர் யான் சுவாமர்டாம் முதிர்ந்த புழுவை அறுத்து, தோலுக்கு அடியில் மடங்கிக் கிடந்த சிறகுகளைக் காட்டிவிட்டார். கரைந்த தசையின் சத்து இந்தத் தட்டுகளுக்கு உணவு. மூச்சுக்குழாய்களும் முழுதாக அழிவதில்லை. 2013-ல் உயிருள்ள கூட்டுப்புழுக்களை நாள்தோறும் சி.டி. ஸ்கேன் செய்தபோது, முதல் நாளிலேயே அவை தெளிவாகத் தெரிந்தன.

பத்து நாளுக்குள் ஓடு வெடிக்கும். கசங்கிய சிறகுக்குள் உடல் திரவத்தை அழுத்தி ஏற்றி விரித்து, காய்ந்ததும் பறந்துவிடும்.

அப்படிப் பறக்கும் பூச்சிக்கு, புழுவாக இருந்தபோது பட்டது நினைவிருக்குமா? 2008-ல் அமெரிக்காவில், புகையிலைப் பருந்து அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். கடைசிப் பருவத்தில் அந்தப் பாடம் படித்தவற்றில் பெரும்பாலானவை, சிறகு முளைத்த பிறகும் அதே வாசனையை ஒதுக்கின. மூன்றாம் பருவத்தில் படித்தவை மறந்துவிட்டிருந்தன. மூளையில் தாமதமாக உருவாகும் செல்கள் உருமாற்றத்தைத் தாண்டி நிற்கின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு.